நெடுந்தூர ட்ரையத்லான்: செட்டிநாட்டுச் சமவெளியில் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டியின் அரைத் தூரப் பிரிவில் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது, சைக்கிள் பகுதியைத் திட்டமிட்டதைவிடப் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே முடித்து இறங்கினேன். அந்த மகிழ்ச்சி ஓட்டத்தின் ஆறாவது கிலோமீட்டர் வரைதான் நீடித்தது. அதன்பின் நடந்தும் நின்றும் மீதித் தூரத்தைக் கடந்ததில், கையில் வாங்கிய பன்னிரண்டு நிமிடத்துக்கு வட்டியும் முதலுமாக நாற்பது நிமிடத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது. வட்டிக் கணக்கு எழுதியே பேர் வாங்கிய ஊர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் இப்போது இந்தப் போட்டிக்குப் பயிற்சி செய்யும் நண்பர்களைப் பார்க்கும்போது, உழைப்பில் குறை வைப்பவர் அவர்களில் அரிது என்பதும், அந்த உழைப்பைச் செலவிட வேண்டாத இடத்தில் செலவிடுபவரே அதிகம் என்பதும் தெரிகிறது.

நேரம் எங்கே போகிறது

முழுத் தூரப் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என மூன்றும் இடைவேளையின்றி அடுத்தடுத்து வருகின்றன. அரைத் தூரத்தில் இவை மூன்றும் சரிபாதி. பதின்மூன்று மணி நேரத்தில் முழுத் தூரத்தை முடிக்கும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். நீச்சலுக்கு ஏறக்குறைய 1 மணி 25 நிமிடம், சைக்கிளுக்கு 6 மணி 40 நிமிடம், ஓட்டத்துக்கு 4 மணி 40 நிமிடம், உடை மாற்றும் இடங்களில் கால் மணி நேரம் என்று அது பிரியும். மொத்தத்தில் பாதிக்கு மேல் சைக்கிள் மீதே கழிகிறது. ஆனால் நீச்சல் பயம் காரணமாக வாரத்தில் நான்கு நாள் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளை வெளியே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் குறைக்க ஆறு மாதம் உழைப்பதும், அரை மணி நேரம் குறைக்கக்கூடிய இடத்தைப் பாராமல் விடுவதும் கணக்குக்கு ஒவ்வாதவை.

இதைவிடப் பெரிய பிழை, எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் பயிற்சி செய்வது. தேவகோட்டைச் சாலையில் நான்கு பேர் சேர்ந்து புறப்பட்டால், நிதானமாகப் போவதாகப் பேசித் தொடங்கிய பயணம்கூட அமராவதிப்புதூர் தாண்டுவதற்குள் பந்தயமாகிவிடும். நெடுந்தூரப் போட்டியாளர்களின் பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மெதுவாகவும், எஞ்சிய பங்கு உண்மையிலேயே கடினமாகவும் இருப்பது நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டுவரும் செய்தி. மெதுவென்றால், மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டு போகக்கூடிய அளவு. அந்த வேகத்தில்தான் கொழுப்பை எரிபொருளாக்கும் திறனும், தசைகளுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்களும் வளர்கின்றன. மறுநாளும் பயிற்சி செய்ய உடம்பு மிஞ்சியிருக்கிறது. இந்த எல்லையை 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் இதயத் துடிப்பைக் கொண்டு தீர்மானிப்பதும் தவறே. அந்தச் சூத்திரம் சராசரி மனிதனுக்கு உரியது. தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் எளிதாக மாறும். பேச முடிகிறதா என்று பார்ப்பது செலவில்லாத, அதைவிட நம்பகமான அளவுகோல்.

கிணற்று நீச்சலும் கடல் நீச்சலும்

எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்திப் பழகுவதால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து, உடம்பு தண்ணீரைக் கிழிப்பதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு போகிறது. இதைக் கைவலிமையால் ஈடுகட்ட முயல்வது வீண். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பார்வையைக் கீழே செலுத்தி, பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்கும் முறையை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு திருத்திக்கொள்வதே வழி.

குளத்தில் கணக்கிட்ட நேரத்தை அப்படியே கடலுக்கு எதிர்பார்ப்பது அடுத்த ஏமாற்றம். 25 மீட்டர் நீளக் குளத்தில் 1.9 கிலோமீட்டர் நீந்த 76 சுற்று ஆகிறது. அதாவது 75 முறை சுவரை உதைத்துத் தள்ளிக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்கிறது. கடலில் சுவரும் இல்லை, அடியில் நீலக்கோடும் இல்லை. பத்துப் பன்னிரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்யாதவர் 1.9 கிலோமீட்டர் போட்டியில் 2.2 கிலோமீட்டர் நீந்தி முடிப்பார். காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டிக் கடற்கரையை அடைந்துவிடலாம் என்பது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது. தென்மேற்குப் பருவத்தில் அலையடங்கிக் கிடக்கும். அரைத் தூரப் போட்டி 2019 முதல் நடந்துவரும் கோவாவின் அரபிக்கடல் அப்படிப்பட்டதல்ல. தொண்டியில் மட்டும் நீந்திப் பழகியவர் அலையை எதிர்கொண்டு உள்ளே நுழைவதைத் தனியாகக் கற்க வேண்டும்.

ஊருணிகளைப் பற்றி ஒரு சொல். குடிநீருக்கென்று காக்கப்படும் ஊருணியில் கால் நனைப்பதுகூட ஊர் வழக்கத்துக்கு மாறானது. பயிற்சியின் பெயரால் அதை மீறக் கூடாது. அனுமதி உள்ள நீர்நிலையிலும், பாசி படிந்த படிக்கட்டும் சேறும் இருப்பதால், துணையின்றியும் இடுப்பில் கட்டும் வண்ண மிதவையின்றியும் இறங்க வேண்டாம்.

ஆடிக்காற்றில் வேகம் பார்ப்பது

செட்டிநாட்டுச் சாலைகள் பெரும்பாலும் சமதளம். இது வரம் போலத் தோன்றினாலும் இரண்டு விதமான தவறுகளுக்கு இடம் கொடுக்கிறது. முதலாவது, ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் மூன்று மணி நேரமும் ஒரே இருக்கையில், ஒரே கோணத்தில் மிதித்துக்கொண்டே இருப்பது. போட்டிப் பாதையில் மேம்பாலமோ மேடோ வந்தவுடன் தொடைகள் அதுவரை அறியாத வேலையைச் சந்திக்கின்றன. மாதம் ஒருமுறையாவது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் ஏறிப் பழகலாம். அதற்கு வழியில்லாதவர் எதிர்க்காற்றில் கனமான கியரில் மெதுவாக மிதித்துப் பழகலாம்.

இரண்டாவது தவறு, கைப்பிடியில் பொருத்திய மீட்டர் காட்டும் வேகத்தையே குறியாகக் கொள்வது. ஆடி மாதத்தில் அம்மியே பறக்கும் காற்றில் திருமயத்தை நோக்கி 30 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்திருக்க முயல்பவர் தன் கால்களை அங்கேயே அடகு வைத்துவிடுகிறார். சமதளத்தில் சைக்கிள்காரரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தச் செலவு வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத நாளில் 30-இலிருந்து 33-க்கு, அதாவது பத்து விழுக்காடு, வேகத்தைக் கூட்டினால் காற்றுக்கான செலவு 33 விழுக்காடு உயர்கிறது. அரைத் தூரமான 90 கிலோமீட்டரில் இதனால் மிச்சமாவது பதினாறு நிமிடம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செலவு அந்தப் பதினாறு நிமிடத்துக்குத் தகுமா என்பதற்கு ஓட்டத்தின் பிற்பகுதி பதில் சொல்லும்; எனக்குச் சொல்லியது.

ஆகவே வேகத்தை விட்டுவிட்டு முயற்சியைச் சமமாக வைத்திருப்பதே முறை. மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டர் உள்ளவர்கள், ஒரு மணி நேரம் முழுமூச்சாகத் தாக்குப்பிடிக்கக்கூடிய சராசரி வாட்ஸில் முழுத் தூரத்துக்கு 65 முதல் 75 விழுக்காடும், அரைத் தூரத்துக்கு 75 முதல் 85 விழுக்காடும் என்ற வரம்பைப் பின்பற்றுகின்றனர். முதன்முறை இறங்குபவர் அந்தந்த வரம்பின் கீழ்ப்பாதியிலேயே நிற்பது நல்லது. அந்தக் கருவி இல்லாதவர் இதயத் துடிப்பையும் மூச்சையும் நம்பலாம். கைப்பிடியில் முன்னோக்கி நீண்டிருக்கும் ஏரோ பாரைக் குனிந்து படுத்தாற்போல் பிடித்து ஓட்டும் நிலை, கூடுதல் முயற்சியின்றி வேகம் தருகிறது. ஆனால் அதே நிலையில் கழுத்தும் இடுப்பும் மூன்று மணி நேரம் தாங்குமாறு வாரந்தோறும் பழகியிருந்தால்தான் அது உதவும். போட்டிக்கு முந்தைய வாரம் அதைப் பொருத்துபவர் இருபதாவது கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

சீமைக் கருவேல முள்ளை மறந்து நம் சாலைகளில் நெடும்பயணம் போவதும் தவறுதான். வழியிலுள்ள பஞ்சர் கடைகளில் மெல்லிய பந்தய டயருக்கான ட்யூப் கிடைக்காது. அதன் வால்வுக்குப் பொருந்தும் காற்றுக்குழாயும் பெரும்பாலும் இருக்காது. இரண்டு ட்யூப், டயரைக் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு ஆகியவற்றை எடுத்துச் செல்வதோடு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்து முறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும். முள்ளை டயரிலிருந்து எடுக்காமல் புது ட்யூபைப் போட்டு, இருநூறு அடியில் அதையும் இழந்தவர்களில் நானும் ஒருவன்.

வியர்வை, உப்பு, கந்தரப்பம்

இங்கே எல்லோரும் அதிகாலை நாலரைக்குப் பயிற்சியைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறோம். அன்றாடத்துக்கு அது அறிவான பழக்கம். ஆனால் போட்டியில் ஓட்டம் தொடங்குவது நடுப்பகலை ஒட்டி என்பதால், வெயிலையே காணாத உடம்புடன் அங்கே போய் நிற்பது பெரும்பிழை. உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் தேவை. அதற்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஒரே வேகத்தில் இதயத் துடிப்பு குறைகிறது. போட்டிக்கு முந்தைய மாதத்தில் சில மெதுவான ஓட்டங்களைக் காலை பத்து மணிக்கு மாற்றி, அரை மணி நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக நீட்டலாம். தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. நிழலும் தண்ணீருமே முதல் மருந்து, குழப்பம் தெளியவில்லையெனில் மருத்துவமனை.

எவ்வளவு குடிப்பது என்பதை ஊகத்துக்கு விடக் கூடாது. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த எடையுடன் இடையில் குடித்த அளவைச் சேர்த்தால் உங்கள் வியர்வையின் அளவு கிடைக்கும். ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டருக்குச் சமம். குறைவாகக் குடிப்பது மட்டுமே ஆபத்து என்று எண்ணுவோர், 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் சோதிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்ததை அறிய வேண்டும். ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. இளநீரை நம்பி இருப்பதும் இங்கே பரவலான தவறு: அதில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் நாம் அதிகம் இழக்கும் சோடியமோ குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் பயிற்சி முடிந்தபின் அதைவிடப் பொருத்தமானது. பயிற்சிக்கு இடையே உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலே வேண்டும். வலி வரும் என்று அஞ்சி முன்கூட்டியே இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்வது, நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்குக் கேடு.

உணவில் நேரும் பிழை பெரும்பாலும் தாமதம். பசிக்கும்போது சாப்பிடலாம் என்றிருந்தால், பசி வரும்போது கையிருப்பு தீர்ந்திருக்கும். சைக்கிளில் ஏறிய கால் மணி நேரத்திலிருந்து மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று தொடங்கி, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருந்தால் 90 கிராம் வரை பழக்கப்படுத்தலாம். சாதாரணச் சர்க்கரையே இவ்விரண்டும் சரிபாதியாகச் சேர்ந்ததுதான் என்பதால், சிறு பைகளில் வரும் இனிப்புக் கூழான வெளிநாட்டு ஜெல்லுக்குப் பணம் கொட்டாமல் சர்க்கரை, உப்பு, எலுமிச்சை கலந்த புட்டியே பெரும்பகுதித் தேவையை நிறைவு செய்யும். ஆனால் ஓடும் உடம்பில் குடல் இதை ஏற்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். நம் ஊர்ப் பலகாரம் இருக்கும்போது ஜெல் எதற்கு என்று கந்தரப்பத்தைச் சட்டைப் பையில் திணித்துச் சென்ற நண்பர், எண்ணெயும் உளுந்தும் செரிக்காமல் வழியெல்லாம் ஏப்பம் விட்டார். கவுனி அரிசியும் கும்மாயமும் பயிற்சி முடிந்த மாலைக்கு உரியவை. நார்ச்சத்தும் நெய்யும் காரமும் போட்டிக்கு முந்தைய இரவிலிருந்தே விலக்கத்தக்கவை.

1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் பதினைந்து பேருடன் நடந்த முதல் அயர்ன்மேன் எனும் முழுத் தூரப் போட்டியில், சைக்கிள் பகுதி முடிந்தபோது முன்னணியில் இருந்த ஜான் டன்பருக்கு, ஓட்டத்தில் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்து பீர் கொடுக்கப்பட்டது. குடிநீரைத் திட்டமிடாவிட்டால் முன்னணியும் நிலைக்காது; வென்றவர் கார்டன் ஹாலர்.

சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் மூன்று கிலோமீட்டர்

மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குப் பழகிய கண்ணுக்கு எந்த ஓட்டமும் மெதுவாகவே தெரியும். அதனால் எல்லோரும் தம் திட்டத்தைவிட வேகமாகத் தொடங்குகின்றனர். வாரம் ஒருமுறை நெடுஞ்சைக்கிள் முடிந்தவுடன் வீட்டுக்குள் போகாமல், காலணி மாற்றி இருபது நிமிடம் ஓடிப் பழகினால் இது மட்டுப்படும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடப்போரில் முதல் நாள் வேகம் காட்டியவர்தான் பிறகு கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தண்ணீர் மேசை ஒவ்வொன்றிலும் முப்பது அடி நடந்து, குடித்து, தலையை நனைத்துப் புறப்படுவதைத் தொடக்கத்திலிருந்தே திட்டமாக வைத்துக்கொள்பவர், இறுதியில் வேறு வழியின்றி நடப்பவரை முந்துகிறார்.

கடைசி மூன்று வாரம்

திருமணங்களும் திருவிழாக்களும் தவறவிடச் செய்த பயிற்சியைக் கடைசி வாரங்களில் திணித்து ஈடுகட்ட முடியாது. அந்தக் காலத்தில் செய்யும் நெடும்பயிற்சியின் பலன் போட்டிக்குப் பிறகே வரும். களைப்பு மட்டும் முன்னே வரும். மூன்று வாரத்தில் மொத்த அளவைப் படிப்படியாகப் பாதி வரை குறைத்து, குறுகிய வேகப் பகுதிகளை மட்டும் விடாமல் வைத்திருப்பதே வழக்கம். இரவு பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டி, மூன்றரைக்கு அலாரம் வைப்பவருக்கு இந்தக் காலத்தில் ஒரு மணி நேரக் கூடுதல் உறக்கம் எந்தப் பயிற்சியையும்விடப் பயன் தரும்.

சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகிறவர்கள் போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகச் சென்று, கைப்பிடி, இருக்கைத் தண்டு, சக்கரங்கள் ஆகியவற்றின் திருகுகளை முறையாக இறுக்கி, எல்லா கியர்களையும் மாற்றிப் பார்த்து, இருபது நிமிடமாவது சாலையில் ஓட்டிவிட வேண்டும். அறைக்குள் சரியாகச் சுழன்ற பின்கியர், மிதித்து அழுத்தம் கொடுத்தவுடன் நழுவுவதுண்டு. அதை முந்தைய நாள் மாலையில் கண்டுபிடித்தால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்ய நேரம் இருக்கும்.