காதுக்கு எழுதுதல்: தமிழில் வானொலி விவரணம் தயாரிக்கும் முறை

கலை, வரலாறு, அறிவியல் பற்றி வானொலி விவரணம் தயாரிக்க முற்படுபவர்களில் பலர், முதலில் கட்டுரை ஒன்றை எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகே அதற்குப் பொருத்தமான குரல்களையும் இசையையும் தேடுகிறார்கள். அப்படி உருவாகும் நிகழ்ச்சி, எவ்வளவு திருத்தமாக வாசிக்கப்பட்டாலும், வாசிக்கப்பட்ட கட்டுரையாகவே நின்றுவிடும். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதில் காதால் கேட்கக்கூடியது என்ன, அதை இன்றும் சென்று பதிவுசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். இதற்கு விடை கிடைக்காத பொருளை அச்சிதழ்களுக்கு விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ரப்பரை எடுத்துக்கொள்வோம். லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 1877ல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் 1912 வரை இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குத் தலைமை வகித்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் அதே பட்டையைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். பின்னர் மலாயாவெங்கும் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழர்கள் திரளாகக் கொண்டுவரப்பட்டனர். இவ்வளவையும் ஒரு கட்டுரையே சொல்லிவிடும். வானொலிக்கு வேண்டியது, பட்டையில் கத்தி உரசும் ஓசையும், முற்றிக் காய்ந்த ரப்பர்க் காய் படீரென்று வெடித்து விதை சிதறும் ஓசையும், அந்தக் கத்தியைப் பிடித்த கையின் சொந்தக் குரலும்தான்.

அடுத்து, நிகழ்ச்சி முழுவதையும் தாங்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். "ரப்பரின் வரலாறு" என்பது கேள்வி அன்று. "பால் வெட்டுபவர் ஏன் விடியலுக்கு முன்பே மரத்தடியில் நிற்க வேண்டியிருந்தது?" என்பது கேள்வி. பால் ஓடும் குழாய்களில் இரவெல்லாம் கூடியிருக்கும் அழுத்தம், வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் குறைந்துவிடுகிறது என்று தாவரவியலாளர் விளக்குவார். இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு, போய் நின்ற கதையைத் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி சொல்வார். இரண்டு குரல்களும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதால், அறிவியலையும் வரலாற்றையும் இணைக்க அறிவிப்பாளர் தனியாகப் பாலம் போட வேண்டியதில்லை.

ஆய்வுக்குச் சிங்கப்பூரில் வசதிகள் மிகுதி. தேசிய நூலக வாரியத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பில், 1887ல் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழையும், 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் படிக்கலாம். ஆங்கில இதழ்களில் தமிழ்ப் பெயர்கள் பலவாறு எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்க்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைச் சேகரித்து வருகிறது. அவற்றில் தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் உள்ளன. ஆனால், இணையத்தில் கேட்க முடிகிறது என்பதற்காகவே ஒரு பதிவை ஒலிபரப்பிவிடலாகாது. எந்தப் பகுதியை, எத்தனை வினாடிகள் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதிக் கேட்டு முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். திரைப்பாடல்களுக்கும் இது பொருந்தும். உரிமை சிக்கலான பாடலைத் தவிர்த்துவிட்டு, பேசுபவரையே நான்கு வரி பாடச் சொல்லிப் பதிவுசெய்வது பெரும்பாலும் மேலான பலனைத் தரும். அந்தப் பாட்டுக்கும் உரிமை பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

நேர்காணல்தான் விவரணத்தின் உயிர் என்பதால் அதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். அடுக்குமாடி வீட்டில் பதிவுசெய்வதாயின், மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, தாழ்வாரத்தை நோக்கிய சன்னல்களைச் சாத்திவிட்டு, மெத்தையும் துணிகளும் எதிரொலியை விழுங்கும் படுக்கையறையில் உட்காருவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியையும் அணைக்கச் சொன்னால், உங்கள் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். அப்போதுதான் அதைத் திரும்ப இயக்காமல் வெளியேற மாட்டீர்கள். மறந்துவிட்டால் பெரியவர் வீட்டு மீன்குழம்பு கெட்டுப்போகும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். பதிவுக்கருவியின் அளவுகாட்டியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருந்தால், திடீர்ச் சிரிப்புக்கும் இடம் இருக்கும்.

பெரியவர் பேசும்போது 'ம்' கொட்டுவது நம் மரபு, அது மரியாதையும்கூட. ஆனால் அந்த 'ம்' அவருடைய குரலின்மேல் விழுந்துவிட்டால் பின்னர் வெட்டி எடுக்க இயலாது. எனவே கண்ணாலும் தலையசைப்பாலும் மட்டும் கேளுங்கள். அப்படிச் செய்யப் போவதை முன்பே அவரிடம் சொல்லிவிட்டால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். "வாழ்க்கை கஷ்டமாக இருந்ததா, பாட்டி?" என்று கேட்டால் "ஆமாம்ப்பா" என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். "எழுந்ததும் முதலில் கையில் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டால் விளக்கும் வாளியும் கத்தியும் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஆண்டைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். "ஜப்பான்காரன் போன பிறகு" என்று அவர் சொன்னால் அது 1945ஐ அடுத்த காலம் என்பதை அறிவிப்பில் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். புறப்படுவதற்கு முன், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிவுசெய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டுகளை மறைக்க அது உதவும்.

எழுத்துப்படியை எழுதுவதற்கு முன் குரல்களை வரிசைப்படுத்துங்கள். அவை சொல்லாமல் விட்டதை மட்டுமே அறிவிப்பாளர் சொல்ல வேண்டும். இங்கே தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், கேட்பவர் முடிவு தெரியாமல் எல்லாவற்றையும் நினைவில் சுமக்க நேரிடும். கட்டுரையில் இத்தகைய வாக்கியத்தைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம், வானொலியில் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டுகளையும் குறையுங்கள்; "ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவரின் கவனம் நழுவிவிடும். தவிர்க்க முடியாத ஆண்டை எழுத்துப்படியில் எழுத்தாலேயே எழுதினால் வாசிப்பவர் தடுமாற மாட்டார்.

அறிவிப்பு நல்ல தமிழில் இருக்கட்டும். பேட்டியில் வரும் பேச்சுத் தமிழையோ இடையிடையே வரும் மலாய்ச் சொற்களையோ திருத்த முயல வேண்டாம். நிபுணர் ஆங்கிலத்திலோ மாண்டரினிலோ பேசியிருந்தால், முதல் மூன்று நான்கு வினாடிகள் அவரது குரலையே ஒலிக்க விட்டு, பின் அதைத் தாழ்த்தித் தமிழாக்கத்தை மேலே ஏற்றுங்கள். தமிழாக்கக் குரல் அவருடைய வயதை ஒத்திருப்பது நல்லது. பேச்சின் அடியில் இசையை ஓடவிடும் பழக்கத்தைக் கூடியவரை தவிருங்கள். பாட்டி பேச்சை நிறுத்தி மூச்சு விடும் இடத்தை வீணை வந்து நிரப்பத் தேவையில்லை.

தொகுத்து முடிந்த நிகழ்ச்சியை நல்ல ஒலிபெருக்கியில் ஒரு முறையும், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் சமையலறையில் ஒரு முறையும், ஓடும் எம்ஆர்டி ரயிலில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு ஒரு முறையும் கேளுங்கள். மூன்றில் எங்கேனும் ஒரு சொல் புரியாமற்போனால் அந்த இடத்தில் பின்னணி ஓசையைத் தாழ்த்த வேண்டும். ஒலிபரப்பு முடிந்ததும், வெட்டப்படாத மூலப் பதிவுகளைப் பெயர், நாள், இடம், எழுத்துமூல ஒப்புதல் ஆகியவற்றோடு இரண்டு வெவ்வேறு வட்டுகளில் சேமித்து, பேசியவரின் குடும்பத்தாருக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.