பாரிஸிலிருந்து ஒரே நாளில் லுவார் கோட்டைகள்: எப்படித் திட்டமிடுவது?

வரைபடத்தில் லுவார் ஆற்றுப் பக்கத்துக் கோட்டைகள் எல்லாம் அடுத்தடுத்த தெரு மாதிரித் தெரியும். அதை நம்பி ஒரே நாளில் நான்கைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், இரண்டாவது கோட்டை வாசலில் பஸ் இல்லாமல் நிற்க நேரிடும். ரயிலில் போய் இரவே பாரிஸ் திரும்புவதானால் இரண்டு கோட்டை போதும். பாரிஸிலிருந்து அந்த வட்டாரத்துக்குப் போவது சுலபம். நேரத்தை விழுங்குவது நிலையத்திலிருந்து கோட்டை வரையுள்ள கடைசிச் சில கிலோமீட்டர்தான். ஆகவே முதலில் ஒரு ஜோடியை முடிவு செய்யுங்கள்.

முதல் ஜோடி ஷெனோன்சோவும் அம்புவாஸும். கார் இல்லாதவர்களுக்கு இதுதான் சரி. பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் சான் பியேர் தே கோர் வந்துவிடும். தூர் நகரின் முதன்மை நிலையம் இதுவல்ல, அது இங்கிருந்து ஐந்து நிமிடம் தள்ளி இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது பலர் குழம்பும் இடம் இது. அங்கிருந்து டிஇஆர் வட்டார ரயிலில் அரை மணி நேரம் போனால் ஷெனோன்சோ. நிலையத்திலிருந்து கோட்டை வாசல் சில நிமிட நடை.

காலை எட்டு மணிக்கு முன்பே பாரிஸை விட்டுவிடுங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து குவியும். கூட்டத்துக்கு முன் உள்ளே போனால் நேராகப் பெரிய கூடத்துக்கு நடந்துவிடுங்கள். இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி தியான் தெ புவாத்தியே ஷெர் ஆற்றின் மேல் கட்டவைத்த பாலத்தின் மீது, அவருடைய ராணி கத்ரீன் தெ மெதிசி எழுப்பிய 60 மீட்டர் நீளக் கூடம் அது. முதல் உலகப் போரில் அது மருத்துவமனை. 1940இல் பிரான்ஸைப் பிரித்த எல்லைக்கோடு இந்த ஆற்றின் வழியே போனதால், கூடத்தின் ஒரு முனை ஜெர்மானியர் பிடியிலும் மறுமுனைக் கதவு அவர்கள் பிடிக்கு வெளியிலும் இருந்தன. பிறகு, ஆற்றுக்குள் நிற்கும் தூண்களின் அடிப்பகுதியில் உள்ள சமையலறைகளுக்கு இறங்குங்கள். தோட்டத்தோடு சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள்.

அம்புவாஸ் அங்கிருந்து சாலை வழியே பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. ஆனால் இரண்டும் வெவ்வேறு ரயில் பாதையில் இருப்பதால், சான் பியேர் தே கோருக்குத் திரும்பி வந்துதான் மாற வேண்டும். டாக்சியை நம்புவதானால் முன்கூட்டியே பேசி வையுங்கள். கிராமத்து நிலையத்தில் வண்டி காத்திருக்காது. அம்புவாஸ் நிலையம் லுவாரின் எதிர்க்கரையில் இருக்கிறது, பாலம் தாண்டிக் கோட்டைக்கு இருபது நிமிட நடை. கோட்டை வளாகத்தின் சிறு தேவாலயத்தில் லியொனார்தோ தா வின்சியின் கல்லறை. அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1519இல் இறந்த க்ளோ லூசே வீடு அரை கிலோமீட்டரில். அதற்கு டிக்கெட் தனி. மாலையில் இரண்டுக்கும் நேரமிருக்காது என்று தோன்றினால் க்ளோ லூசேயை விட்டுவிடலாம்.

இரண்டாவது ஜோடி ப்ளுவாவும் ஷாம்போரும். பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ப்ளுவாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ப்ளுவா கோட்டை நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஷாம்போர் பதினாறு கிலோமீட்டர் தள்ளி. ஏப்ரலிலிருந்து இலையுதிர் காலம் வரை நிலையத்திலிருந்து சுற்றுலா பஸ் ஓடும், நாளுக்குச் சில முறைதான். குளிர்காலத்தில் அது இருக்காது. போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் பஸ் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஷாம்போரை முதலில் முடித்து ப்ளுவாவை மாலைக்கு வைத்தால் ரயிலைத் தவறவிடும் பயம் இல்லை.

ஷாம்போருக்குள் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. 1519இல் தொடங்கிய இந்த மாபெரும் மாளிகையில் 426 அறைகள், 282 கணப்பு அடுப்புகள். கட்டவைத்த முதலாம் ஃபிரான்சுவா மன்னரோ மொத்தத்தில் சில வாரங்களே தங்கினார். அரசவை நகரும்போது தட்டுமுட்டுச் சாமானும் கூடவே போய்விடும், அறைகள் வெறுமையாகக் கிடக்கும். எனவே இங்கே பார்க்க வேண்டியது கட்டடத்தைத்தான்: ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாமலே போகும் இரட்டைச் சுழல் படிக்கட்டு, கோபுரங்கள் மண்டிய மேல்தளம். கல் கட்டடம் கோடையிலும் குளிரும், ஒரு மேல்சட்டை எடுத்துப் போங்கள். அலங்கரித்த அறைகள்தான் வேண்டுமென்றால் ஷெனோன்சோ பக்கம் போவது நல்லது.

டிக்கெட் விஷயம். டிஜிவிக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். டிஇஆருக்கு முன்பதிவு வேண்டாம். முதலில் திரும்பும் ரயிலை முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி மற்ற நேரங்களைக் கணக்கிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வட்டார ரயில்கள் குறைவு. வேலைநிறுத்த அறிவிப்பு இருக்கிறதா என்று முந்தின நாள் மாலை ரயில் செயலியில் பாருங்கள். போன நிலையத்துக்கே திரும்ப வேண்டியதில்லை: அம்புவாஸிலிருந்து நேராக வரும் ரயில்கள் ஓஸ்தர்லிட்ஸில் நிற்கும். சிற்றூர் உணவகங்களில் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் மதியச் சாப்பாடு. காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்தால் அந்தக் கவலையும் இல்லை. பெரிய பெட்டிகளைக் கோட்டைகளுக்குள் அனுமதிப்பது அரிது.

அரை நாள்தான் இருக்கிறதென்றால் லுவாரை மறந்து, பாரிஸுக்கு அருகிலுள்ள கோட்டைகளைப் பாருங்கள். பாரிஸின் லியோன் நிலையத்திலிருந்து ஃபோந்தேன்ப்ளோ நாற்பது நிமிடம், பிறகு ஒரு பஸ். பாரிஸின் வடக்கு நிலையத்திலிருந்து ஷாந்தியி அரை மணிக்குள், பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை. ஃபோந்தேன்ப்ளோவுக்குச் செவ்வாய் விடுமுறை. பாரிஸுக்கு அருகிலுள்ள இன்னொரு அரண்மனையான வெர்சாய் திங்களன்று மூடியிருக்கும்.