ரத்தக்காட்டேரி அறிக்கையைப் படிப்பது எப்படி?

நாவல்களை அப்புறம் பார்க்கலாம். 1725-இல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில், செத்த பிறகு ரத்தக்காட்டேரி ஆனதாக ஊரார் நம்பிய பீட்டர் பிளகோயெவிச்சின் கல்லறையைத் தோண்டியபோது உடனிருந்த ஆஸ்திரிய அதிகாரி எழுதிய அறிக்கையில் தொடங்குங்கள்.

முதல் வேலை, கண்டதையும் கேட்டதையும் இரண்டு நிற மையில் பிரிப்பது. 'ராத்திரி வந்து குரல்வளையை நெரித்தான்' என்பது ஊரார் பேச்சு. வாயில் ரத்தம், உரிந்த தோலுக்கடியில் புதுத்தோல், வளர்ந்த நகம்: இவை அதிகாரி பார்த்தவை. இவற்றை மட்டும் பிணம் அழுகும் விதத்தோடு ஒப்பிடுங்கள். வயிற்றில் சேரும் வாயு நுரையீரலை நெருக்க, செந்நிறத் திரவம் வாய்வழி கசியும்; 'குடித்த ரத்தம்' அதுதான். மேல்தோல் கழன்றால் அடியில் சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரல்சதை வற்றிச் சுருங்குவதால் நகம் நீண்டதாகத் தோன்றும்.

பலரும் சறுக்குவது, மெத்வெஜா என்ற இன்னொரு செர்பிய கிராமத்தில் தோண்டிய கல்லறைகளைப் பற்றி ராணுவ மருத்துவர் ஒருவர் எழுதிய 1732 அறிக்கையில். ரத்தக்காட்டேரி எனப்பட்ட அர்னோல்ட் பாவ்லேயின் பிணத்தின் நெஞ்சில் ஆப்பு அடித்ததும் அது முனகியதாக அதில் இருக்கிறது, ஆனால் அந்த மருத்துவர் அதை நேரில் கேட்கவில்லை. அது பல ஆண்டுகள் பழைய ஊர்க்கதை. மாதத்தையும் கவனியுங்கள்: மருத்துவர் மற்றவர்களின் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்தது ஜனவரியில். குளிர் அழுகலைத் தாமதப்படுத்தும்.

ரத்தக்காட்டேரிக் கதைகளுக்குக் காரணம் என்று சிலர் சொல்லும் போர்ஃபிரியா என்ற அரிய ரத்தக் கோளாறை இழுக்காதீர்கள். அந்த நோயாளிகளுக்கு ரத்தவெறி வருவதில்லை.