பேஸ் குமுறுகிறதா? ஒரே ஒரு டிஜிட்டல் வடிகட்டியில் தொடங்குங்கள்

ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பேஸ் (தாழ்ந்த) சுரங்களில் ஒன்றிரண்டு மட்டும் குமுறிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். பெரும்பாலும் இது அறை செய்யும் வேலை. எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மோதித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் ஊதிப் பெருகுகின்றன. 343ஐ (ஒலி ஒரு நொடியில் கடக்கும் மீட்டர்) அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். 4 மீட்டர் நீள அறைக்கு ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ் வரும். சந்தேகத்துக்குரிய முதல் ஆள் அதுதான்.

முதலில் நாற்காலியை நகர்த்துங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இந்தக் குமுறல் உச்சத்தில் கேட்கும். அரை மீட்டர் முன்னால் வந்தாலே வித்தியாசம் தெரியும், செலவும் இல்லை.

அடுத்து அளவெடுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் போதும். மைக்கைக் காது உயரத்தில் வைத்து, வரைபடத்தில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மேடுகளை (ஒலி அளவு எகிறும் இடங்களை) மட்டும் கவனியுங்கள். மைக் இல்லையென்றால், 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒற்றைச் சுரங்களை வரிசையாக ஒலிக்கவிட்டு, எது திடீரென வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வடிகட்டி, அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்ணின் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் அமைப்பு. விண்டோஸ் கணினியில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். பல ஸ்ட்ரீமர்களில் (இணையத்திலிருந்து இசையை எடுத்து ஒலிக்கும் கருவிகளில்) இத்தகைய வடிகட்டிகளைக் கொண்ட பாராமெட்ரிக் ஈக்குவலைசர் உள்ளேயே இருக்கிறது. 'பீக்' வகையைத் தேர்ந்தெடுத்தால் மூன்று எண்கள் கேட்கும்: அதிர்வெண், கெயின் (எத்தனை டெசிபல் கூட்ட அல்லது குறைக்க), க்யூ. க்யூ கூடக் கூட வடிகட்டியின் அகலம் குறுகும். அதிர்வெண்ணை க்யூவால் வகுத்தால் கிடைப்பதே தோராயமான அகலம். 43 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் மேடு இருந்தால் முழுவதையும் வெட்ட வேண்டாம். கெயின் -6, க்யூ 5 என்று தொடங்குங்கள். ஏறக்குறைய 9 ஹெர்ட்ஸ் அகலத்தில் மேடு தணியும், அக்கம்பக்கம் பெரிதாகக் கலையாது.

பள்ளங்களை (அளவு விழும் அதிர்வெண்களை) நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, வூஃபர் (ஸ்பீக்கரின் பேஸ் கூம்பு) படபடத்ததுதான் மிச்சம், பள்ளம் அப்படியே இருந்தது. நேரடி ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது. அங்கே 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு சக்தியைக் கொட்ட வேண்டும். ஏற்றிய ஒலியும் சேர்ந்தே அழியும். வேறு காரணத்துக்காக எங்காவது கெயினைக் கூட்டினால், ஈக்குவலைசரில் உள்ள ப்ரீஆம்ப் அளவை (மொத்த ஒலியளவை) அதே டெசிபல் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி சிதையும்.

டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் மெனுவில் 'வேகச் சரிவு', 'மெதுச் சரிவு' என்று வரும் வடிகட்டிகள் வேறு இனம். அவை பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்பவை. வேகச் சரிவில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பது என் கட்சி.

பிறகு, வடிகட்டியைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள். இரண்டு முறையும் ஒலியளவு சமமாக இருக்கட்டும்; சற்றே உரக்கக் கேட்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். நன்கு பழகிய பாடல்களோடு இரண்டு மூன்று நாள் இருந்த பிறகு அடுத்த மேட்டுக்குப் போங்கள். நான்கு வடிகட்டிக்கு மேல் தேவைப்பட்டால், அவற்றை அழித்துவிட்டு, ஸ்பீக்கரை இடம் மாற்றி மறுபடி அளவெடுங்கள்.