துணி டிராயர் கலையாமல் இருக்க ஒரு அட்டை போதும்

திருப்பூரில் குடியிருந்தால் வீட்டில் பனியன் துணி சேர்ந்துகொண்டே இருக்கும். காதர்பேட்டைப் பக்கம் வேறு வேலையாகப் போனால்கூட குழந்தைகளுக்கு நாலு டி-ஷர்ட், இவருக்கு ஒரு டிராக் பேண்ட் என்று பையோடுதான் திரும்புவோம். எல்லாம் ஒரே டிராயருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும், காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது அடியில் இருக்கிற ஒன்றை உருவினால் மொத்த அடுக்கும் சரியும். மூன்று வருஷம் இப்படியே போய், இப்போதுதான் ஒரு வழி கிடைத்திருக்கிறது. நாலு மாதமாகக் கலையவில்லை.

முதலில் டிராயரை முழுசாகக் காலி செய்யுங்கள். பாதி எடுத்துவிட்டு மீதியை ஓரமாகத் தள்ளினால் வேலை நடக்காது. ஒரு ஜமக்காளத்தை விரித்துக் கொட்டி, போடுவது, போடாதது, கிழிந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிழிந்த பனியனைக் குப்பையில் போடாதீர்கள், வண்டி துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஒர்க்ஷாப்புகளில் பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள்.

டிராயரைத் துடைத்துக் காயவிட்டு அடியில் ஏதாவது விரிக்க வேண்டும். நியூஸ்பேப்பர் வேண்டாம். மை வெள்ளைத் துணியில் ஒட்டும், வெள்ளிப்பூச்சிக்குக் காகிதம் என்றால் உயிர். பழைய வேட்டியை அளவாக வெட்டி விரித்தால் அழுக்கானதும் துவைத்துக்கொள்ளலாம்.

இனி மடிப்பு. படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம் மாதிரி நிற்கவைத்து அடுக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். வீடியோ பார்த்து அப்படித்தான் மடித்தேன், நிற்கவும் நின்றது. ஆனால் டிராயரைத் தள்ளினால் பாதியில் மாட்டிக்கொண்டது. பலமாகத் தள்ளியதில் மேலே துருத்திக்கொண்டிருந்த துணிகள் பலகையில் இடித்துப் பின்பக்கமாக விழுந்துவிட்டன. பெரியவனின் யூனிஃபார்ம் சாக்ஸைக் காணோம் என்று இரண்டு நாள் தேடி, கடைசியில் டிராயரைக் கழற்றினால் பின்னால் சுவரோரம் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருக்கிறார். பார்த்ததும் கேட்டார், "ஏன் அம்மிணி, அட்டை வெக்காம மடிச்சா அளவு எப்படி ஒண்ணா வரும்?" அங்கே ஒவ்வொரு பீஸும் அட்டை வைத்துத்தான் மடிப்பார்களாம், அப்போதுதான் பெட்டிக்குள் சரியாக உட்காரும். எனக்கு விடை அதுதான்.

டேப்பை எடுத்து டிராயரின் உள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 15 செ.மீ. மடித்த துணி அதைவிட 2 செ.மீ.யாவது குறைவாக நிற்க வேண்டும். பிறகு சட்டைப் பெட்டியின் அட்டையை 22 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். டி-ஷர்ட்டைக் குப்புறப் போட்டு, கழுத்துப் பட்டிக்குக் கீழே நடுவில் அட்டையை வையுங்கள். இரண்டு பக்கத்தையும் அட்டை மேல் மடித்துப் போட்டு, வெளியே நீட்டுகிற கையைத் திருப்பி உள்ளே படியவிடுங்கள். அட்டையை உருவிவிட்டு அடி விளிம்பைக் கழுத்து வரை கொண்டுவந்தால் 70 செ.மீ. உடுப்பு 35 ஆகும். அதை மூன்றாக மடித்தால் கிட்டத்தட்ட 12 செ.மீ. டிராயர் 11 செ.மீ.தான் என்றால் நாலாக மடியுங்கள், 9க்கு வந்துவிடும். வழவழப்பான மடிப்பு மேலே தெரிகிற மாதிரி வையுங்கள், விளிம்புகள் மேலே இருந்தால் ஒன்றை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பதும் பிரிந்து வரும்.

மெல்லிய பனியன் தனியாக நிற்காது. வரிசை நெருக்கமாக இருந்தால் நிற்கும், உள்ளங்கையை நுழைக்கும் அளவு இடம் விட்டால் போதும். இடம் மிஞ்சினால் செருப்பு டப்பாவை உயரம் குறைத்து வெட்டிச் சொருகி, ஜட்டி, கர்ச்சீப், சாக்ஸ் எல்லாம் அதில் போடுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் அறைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அவை நம் டிராயர் அளவுக்கு வருவதே இல்லை, ஓரத்தில் வீணாகிற இடத்தில் நாலு துணி வைக்கலாம்.

இவ்வளவு எதற்கு, ஹேங்கரில் மாட்டிவிடலாமே என்று தோன்றும். பனியன் துணி பின்னல் துணி, கண்ணி கண்ணியாகக் கோத்தது. தொங்கவிட்டால் தன் எடைக்கே இழுபட்டு, தோளில் ஹேங்கர் முட்டி நிற்கும். நெய்த சட்டையை மாட்டுங்கள், பனியனை மடியுங்கள். பட்டுச் சேலையை இந்த டிராயருக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

மழைக்காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஐப்பசி மழையில் துணி காய்ந்த மாதிரிதான் இருக்கும், கழுத்துப் பட்டியிலும் இடுப்பு எலாஸ்டிக்கிலும் மட்டும் ஈரம் ஒளிந்திருக்கும். விரலுக்குத் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னொரு நாள் கொடியில் கிடக்கட்டும். அப்படி ஒன்று உள்ளே போனால் டிராயர் முழுக்க முடைநாற்றம் அடிக்கும்.

பின்சேர்க்கை: அந்துருண்டை போடலாமா என்று பெருந்துறையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு அதன் வாசம்கூட ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது, பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் வீட்டில் தெரிந்திருக்காது. என் அத்தை வசம்பை, பேர் சொல்லாதது என்பார், துணியில் முடிந்து மூலையில் வைப்பார். நானும் அதைத்தான் வைக்கிறேன். குழந்தை எடுத்து வாயில் வைக்காதபடி பின்மூலையில் வையுங்கள்.

இன்னொருவருக்கு மர டிராயர் மழைக்கு ஊதி இழுக்கவே வரவில்லையாம். கழற்றி, உரசுகிற இரண்டு ஓரத்திலும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், துணியில் கறை படியும்.

குழந்தைகள் துணிக்கு வேறு அளவு வேண்டும். ஏழு வயசுச் சின்னவளுக்கு 16 செ.மீ. அகலத்தில் தனி அட்டை வெட்டிக் கொடுத்தேன், அவள் சட்டையை மூன்றாக மடிக்க வேண்டாம், இரண்டாக மடித்தாலே அளவு வந்துவிடுகிறது. அட்டையில் பேர் எழுதி டிராயர் ஓரத்தில் சொருகி வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அவள் துணியை அவளேதான் மடிக்கிறாள்.