அல்கோன்குவின் பூங்காவில் ஒரு சிற்றேரியை அளந்து வரைவது எப்படி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1893-இல் அமைந்த அல்கோன்குவின் பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த காடு. உள்ளே ஏரிகள் ஆயிரக்கணக்கில். ஆனால் 1:50,000 அளவிலான நிலவரைபடத்தில் 400 மீட்டர் நீள ஏரி வெறும் 8 மில்லிமீட்டர் நீலப் பொட்டுதான். ஆழம் எங்கே, மேடு எங்கே என்று அதில் ஒன்றும் தெரியாது. சுமார் 6 ஹெக்டேர் ஏரி என்றால் இரண்டு பேர், ஒரு கனூ (ஒடுக்கமான துடுப்புப் படகு), 30 மீட்டர் கயிறு போதும். ஒரே நாளில் அடித்தரையை வரைந்துவிடலாம்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நல்ல காலம். பனிக்கட்டி பொதுவாக ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் விலகும். அப்போது கனூ கவிழ்ந்தால் குளிரே ஆளை முடித்துவிடும். அதற்கடுத்த சில வாரங்கள் கருப்பு ஈக்களின் ராஜ்ஜியம். எந்த மாதமானாலும் காற்று கிளம்புமுன், விடிந்ததும் இறங்குங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், விசில், நீர் இறைக்க ஒரு குவளை, 15 மீட்டர் மிதக்கும் கயிறு கட்டாயம்.

முதலில் கரை

நேரே தண்ணீரில் இறங்காதீர்கள். கரையைச் சுற்றி வந்தாலே அடித்தரையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பழகிக்கொள்ள 60-ஆம் நெடுஞ்சாலையில் 19.2-ஆவது கிலோமீட்டரில் உள்ள பெக் ஏரி தோதானது, சுமார் இரண்டு கிலோமீட்டர் நடைபாதை ஏரியை முழுக்கச் சுற்றுகிறது. வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இந்த ஏரிகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழைய, நைஸ் என்னும் கடினமான உருமாறிய பாறைமேல் பனியாறு சுரண்டிய பள்ளங்களிலும், அது விட்டுப்போன மண்ணும் கல்லும் அணைத்த இடங்களிலும் தேங்கியவை. அதனால் கரையில் பாறை செங்குத்தாக இறங்கினால் நீருக்கடியிலும் பெரும்பாலும் அப்படியே இறங்கும். கரை தட்டையாகி ஸ்பேக்னம் பாசி மெத்தையாக முடிந்தால் அந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று நினைக்கத் தோன்றும். நம்ப வேண்டாம். அந்த மெத்தை பல இடங்களில் நீரின்மேல் மிதப்பது. அடியில் மூன்று மீட்டர் தண்ணீர் இருக்கலாம். மேலே கால் வைக்காதீர்கள்.

நீர் வரும் ஓடைகள் பல இருக்கலாம், வெளியேறும் ஓடை பெரும்பாலும் ஒன்றே. அதன் வாயில் பீவர் (மரத்தைக் கொறித்து அணை கட்டும் விலங்கு) கட்டிய அணை இருக்கிறதா என்று பாருங்கள். கரையோரம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன மரங்கள் நீரில் நின்றால் அணை வந்தபின் மட்டம் ஏறியிருக்கிறது என்று பொருள். அணை உடைந்தால் ஏரி அரை மீட்டர், ஒரு மீட்டர் இறங்கிவிடும். அன்றோடு உங்கள் வரைபடமும் பொய்யாகிவிடும். இதற்கு ஒரு வழிதான்: அசையாத பாறையில் உள்ள வெடிப்பு ஒன்றைக் குறியாக வைத்து, அதிலிருந்து நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று அளந்து, தேதியோடு எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் பெயிண்ட் அடிப்பதும் செதுக்குவதும் கூடாது.

கயிறும் குண்டும்

பெரும்பாலான தவறு இங்கேதான். நைலான் கயிறு நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்கி, ஓர் இரவு ஊறவைத்து, இழுத்துக் கட்டியபின் அரை மீட்டருக்கு ஒரு குறி போடுங்கள். ஒவ்வொரு ஐந்தாவது மீட்டருக்கும் வேறு நிறம். கயிற்றின் நுனியில் கட்டி இறக்கி ஆழம் பார்க்கும் குண்டு அரை கிலோ இரும்பு. ஈயம் வேண்டாம்: அறுந்து விழுந்த சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி லூன் பறவைகள் சாகின்றன.

ஏரியின் நீளத்துக்குக் குறுக்கே 50 மீட்டருக்கு ஒரு கோடு, கோட்டில் 15 மீட்டருக்கு ஓர் அளவு; 6 ஹெக்டேருக்கு எழுபது புள்ளிகள் வரை கிடைக்கும். பின்னால் இருப்பவர் துடுப்பால் கனூவை நிறுத்திப் பிடிக்க, முன்னால் இருப்பவர் குண்டை இறக்குவார். கனூ நகர்ந்து கயிறு 20 டிகிரி சாய்ந்தால் 10 மீட்டர் என்று காட்டுவது உண்மையில் 9.4 மீட்டர்தான். சாய்ந்த அளவை எழுதாதீர்கள், திரும்ப இறக்குங்கள். இடத்தைக் கைபேசி ஜிபிஎஸ் குறிக்கட்டும். திறந்த நீரில் ஐந்து மீட்டர் பிழை பொறுக்கத் தக்கது. காம்பஸ் வைத்திருப்பவர்கள் காந்த வடக்கு இங்கே 11, 12 டிகிரி மேற்கே விலகும் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

விரல் நுனியைக் கயிற்றிலேயே வையுங்கள். பாறையில் பட்டால் ‘டக்’ என்று தட்டிக் கயிறு உடனே தளரும். மணலில் சத்தமில்லாத ஒரு முட்டு. நடு ஏரியில் எந்தத் தட்டலும் இல்லாமல் கனம் மெல்ல மெல்லக் குறைந்தால், குண்டு சேற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இலையும் பாசியும் மக்கிய அந்தக் கருஞ்சேறு கூழ் மாதிரி. குண்டு ஒரு மீட்டர்கூட அமிழும். அங்கே குண்டுக்கு மேலே 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்றைக் கட்டி மறுபடி இறக்குங்கள். தட்டு நிற்பது சேற்றின் மேல்மட்டம். அதுதான் ஏரியின் ஆழம். குண்டின் அடியில் கொஞ்சம் இளகிய தேன்மெழுகு அப்பினால் அடியில் மணலா, இலையா என்பதும் ஒட்டிக்கொண்டு வரும்.

அந்தத் தட்டையே கால்பாகம் கால்பாகமாகக் கருப்பு வெள்ளை அடித்துவைத்தால் தெளிவை அளக்கும் செக்கித் தட்டாகிவிடும். நிழல் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் சராசரி எடுங்கள். இரண்டு மீட்டரிலேயே மறைந்தால் மாசு என்று பதற வேண்டாம். சதுப்பிலிருந்து வரும் சாயம் இங்கே பல ஏரிகளைத் தேயிலைச் சாறு நிறமாக்கியிருக்கிறது.

வரைவதும் கணக்கும்

1:2,000 அளவில் 400 மீட்டர் ஏரி 20 சென்டிமீட்டர். ஏ4 கிராஃப் தாளில் அடங்கும். புள்ளிகளைக் குறித்து 2 மீட்டருக்கு ஒரு சம ஆழக் கோடு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இழுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் 4 சதுர மீட்டர். கட்டங்களை எண்ணினால் பரப்பு. மேல் பரப்பு 60,000, இரண்டு மீட்டர் கோட்டுக்குள் 42,000 சதுர மீட்டர் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 50,200. மூன்றையும் கூட்டி, 2 மீட்டரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் அந்த அடுக்கில் ஏறக்குறைய 1,01,500 கன மீட்டர் நீர். எல்லா அடுக்குகளையும் கூட்டி மேல் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம்.

கோடு எங்காவது திடீரென்று வளைந்து ஒற்றைப் புள்ளியைச் சுற்றினால் அது நீருக்கடியில் ஒரு பாறையாக இருக்கலாம், தவறாக எழுதிய எண்ணாகவும் இருக்கலாம். அந்த இடத்தைச் சுற்றி நாலு அளவு மறுபடி எடுத்தால்தான் தெரியும். குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்து அளந்தால் நகர்வுப் பிழையே இல்லை. ஆனால் கெட்டியான தெளிந்த கட்டி 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கால் வைக்காதீர்கள். ஆழத்தைக் கட்டியின் மேற்பரப்பிலிருந்து அல்ல, துளையில் நிற்கும் நீர்மட்டத்திலிருந்து எடுங்கள்.