முதலில் கடலைக் கேளுங்கள்: கொங்கிலிருந்து கோயிலும் தீவுமாக ஒரு வாரம்

திருப்பூரில் தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகளைச் சாத்தினால் ஒரு வாரத்துக்குக் குறைந்து திறக்கமாட்டார்கள். எங்களுக்கு வாய்க்கிற நீண்ட விடுமுறை அதுதான். அதை நம்பித்தான் முதல் தடவை திருகோணமலைக்குப் போனேன். பக்கத்துக் கடற்கரையான நிலாவெளியில் இரண்டு நாள் அறைத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறாத்தீவு கண்ணெதிரே ஒரு கிலோமீட்டரில் சாம்பல் பூசியது போல் மங்கிக் கிடந்தது. கரையில் கவிழ்த்துப் போட்ட படகில் சாய்ந்துகொண்டிருந்த படகுக்காரர், "இனிச் சித்திரை கழித்து வாருங்கள், தம்பி" என்றார். அவர் சொன்னபடி அடுத்த ஆண்டு குடும்பத்தோடு போனேன். அம்மாயியும் (அம்மாவின் அம்மா) வந்தார்.

பழைய கோயில்களையும் தீவுக் கடற்கரையையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படுகிற, பாஸ்போர்ட்டே இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்கிற நிலையில் உள்ள கொங்கு வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். இடம் இலங்கையின் வடக்கும் கிழக்கும். மொழிக் கவலை இல்லை, கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை, பஸ்ஸில் யாரிடமும் தமிழில் வழி கேட்கலாம்.

படி 1: தேதியைக் கடல் முடிவு செய்யட்டும்

எல்லாரும் கோயில் பட்டியலை எழுதிவிட்டுத் தேதி தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கோயில் மழையிலும் திறந்திருக்கும்; கடல் திறந்திருக்காது.

ஆடி மாதத்தில் நம் ஊரில் காற்று மட்டும் ஆளைத் தள்ளும், மழை பெரிதாக இருக்காது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்வதால் நாம் மழை மறைவில் இருக்கிறோம். இலங்கையிலும் இதே கதைதான். நடுவிலுள்ள மலைநாடு தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுவதால், திருகோணமலைப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கிறது. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை நேராக அந்தக் கரையில்தான் வந்து மோதும். என் தீபாவளி விடுமுறை போனது அப்படித்தான்.

ஆகவே பள்ளிக்கூட விடுமுறையான மே மாதம் நல்லது. ஆடி அதைவிட நல்லது என்பேன். முகூர்த்தம் கிடையாது, மொய் எழுத அலைய வேண்டியதில்லை. நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் ஆடி, ஆவணியில்தான் வருகிறது. ஆனால் திருவிழா நாட்களில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது அரிது. முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஏப்ரல் 13, 14 புத்தாண்டையொட்டிக் கடைகள் பல அடைத்திருக்கும், பஸ்களில் நிற்க இடம் இருக்காது. பௌர்ணமி தோறும் அங்கே அரசு விடுமுறை, போயா தினம் என்பார்கள். மே மாதப் பௌர்ணமி வெசாக். பார்க்க அழகு, பயணம் செய்யச் சிரமம்.

தீபாவளியைத் தவிர எங்களுக்கு வழியில்லை என்பவர்கள் கடலை மறந்துவிட்டுக் கோயிலுக்கு மட்டும் போய் வாருங்கள். பொங்கல் விடுமுறை கிடைக்குமானால் தெற்குக் கரையில் உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் அப்போது கடல் நன்றாக இருக்கும். அது வேறு பயணம், வேறு வழி.

படி 2: இரண்டே ஊர்களில் தங்குங்கள்

தேவாரம் பாடப்பெற்ற தலங்கள் கொங்கு நாட்டில் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடல். ஈழநாட்டில் இரண்டு: திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும். பவானியைப் பாடிய சம்பந்தர் கோணமலையையும் பாடினார். அவிநாசியைப் பாடிய சுந்தரர் கேதீச்சரத்தையும் பாடினார். வீட்டுப் பெரியவர்களிடம் பயணத்துக்குச் சம்மதம் வாங்க இந்த ஒரு வரி போதும். கடற்கரை என்று தொடங்கினால் அம்மாயி கிளம்பியிருக்கவே மாட்டார்.

ஒரு வாரத்தில் யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு, திருகோணமலையில் மூன்று இரவு. கண்டி, நுவரெலியா என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள். தேயிலைத் தோட்டம் பார்க்க நமக்கு வால்பாறையும் குன்னூரும் இருக்கின்றன.

படி 3: காகிதங்கள்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஆன்லைனில் பதிவு செய்து சேவை மையத்துக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும்போது வீட்டில் இருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடைசிப் பக்கம் வரை பாருங்கள்: பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அடுத்தது ஈடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதி. இதை இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அரசு இணையதளத்தில் மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கிற தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, கட்டணமும் அதிகம். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் அன்றே அரசுத் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைபேசி சார்ஜ் தீர்ந்து வரிசையில் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: போகிற வாசலும் திரும்புகிற வாசலும் வேறாக இருக்கட்டும்

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு 2025 மார்ச் இறுதியில் நேரடி விமானம் தொடங்கினார்கள். ஈரோடு, கரூர்க்காரர்களுக்குச் சென்னையைவிட இது எவ்வளவோ வசதி. திரும்பும்போது கொழும்பு கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ ஏறுங்கள். வந்த வழியே திரும்பினால் ஒரு முழு நாள் வீண்.

கப்பல் ஆசை உள்ளவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள காங்கேசன்துறைக்குச் சேவை இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். எர்ணாகுளம்–காரைக்கால் ரயில் திருப்பூர், ஈரோடு வழியாக நாகைக்கே போகிறது. ஆனால் கப்பல் காலையில் கிளம்புவதால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். கடல் கொந்தளித்தால் சேவை ரத்தாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு விமானத்துக்குத்தான்.

படி 5: யாழ்ப்பாணம், முதல் மூன்று நாள்

நல்லூருக்குக் காலைப் பூசைக்குப் போங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வேட்டி உத்தமம். கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றுக் கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு அலை அடிக்க, இந்தப் பக்கம் நல்ல தண்ணீரில் குளிக்கலாம். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு எழுந்து வர மனம் வராது. பக்கத்திலேயே நகுலேஸ்வரம் சிவன் கோயில்.

ஒரு நாளை நயினாதீவுக்கு ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் பஸ் உண்டு. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலின் நடுவே போட்ட தாம்போதிச் சாலையில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், நடுவில் மீன்பிடிக் கழிகள். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். அங்கிருந்து படகில் இருபது நிமிடம் போல. நாகபூசணி அம்மன் கோபுரம் தண்ணீரிலிருந்தே தெரியும். கொஞ்சம் தள்ளி நாகதீப விகாரை; சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளை உடையில் அதே படகில் வருவார்கள். விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், அவமதிப்பாகக் கொள்வார்கள்.

நெடுந்தீவுக்கும் இதே துறையிலிருந்துதான் படகு. ஒரு மணி நேரம் ஆகும், காட்டுக் குதிரைகள் பார்க்கலாம். ஒரே நாளில் இரண்டு தீவையும் முடிக்க நினைத்தால் இரண்டிலும் படகு நேரத்தைப் பார்த்தே ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

நான்காம் நாள் திருகோணமலைக்கு. பஸ்ஸில் போனால் வவுனியா வழி. திருக்கேதீச்சரத்தையும் பார்க்க வேண்டும் என்றால் அன்று ஒரு நாளைக்கு வேன் பேசுங்கள். பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் இறங்கி, பாலாவிக் கரையில் கேதீச்சரநாதரைக் கும்பிட்டுவிட்டுக் கிழக்கே திரும்பலாம். விடியற்காலையில் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் சேரலாம்.

படி 6: கோணேசர் காலையில், தீவு மறுநாள் காலையில்

திருகோணமலையின் கோணேஸ்வரம் கோயிலுக்குப் போகிற வழி ஒரு கோட்டைக்குள் புகுந்து போகிறது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை அது. இன்று அதற்குள் புள்ளிமான்கள் ஆடுமாடு போலத் திரிகின்றன. அம்மாயியின் முந்தானையில் வாழைப்பழம் இருப்பதை ஒரு மான் மோந்து பார்த்துப் பின்னாலேயே வந்தது. மலை உச்சியில் கோயில், அதற்கப்பால் செங்குத்தான பாறை, கீழே ஆழமான நீலக் கடல். 1956-இல் மூழ்காளர் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டார்கள். இப்போதுள்ள கோயில் அதே காலத்தில் மீண்டும் எழுந்தது. பாறைப் பிளவை இராவணன் வெட்டு என்கிறார்கள். ஓரத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கடற்காற்றில் ஆடும். நம் ஊர்க் கோயில் மரங்களில் பார்த்த அதே தொட்டில்கள். மாலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் வரலாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. அரை மணி நேரம் போதும்.

மறுநாள் புறாத்தீவு. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், ஆகவே நுழைவுச் சீட்டு தனி, படகுக் கூலி தனி. படகுக்குப் பேரம் பேசும்போது கண்ணாடி, மூச்சுக்குழல், மிதவைச் சட்டை இதில் சேருமா என்று கேட்டுவிடுங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள். பத்து மணிக்குமேல் கூட்டம் வந்து மணலைக் கலக்கிவிடும்.

தண்ணீரில் இறங்குமுன் சில விஷயங்கள்:

- கரையில் கிடப்பது பூமணல் இல்லை, உடைந்த பவளத் துண்டுகள். வெறுங்காலோடு இறங்கினால் கிழிக்கும். ரப்பர் செருப்பு, அதுவும் பின்வார் உள்ளதாக.
- கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவிக் கடல்நீரில் அலசினால் ஆவி பிடிக்காது. அருவருப்பாக இருக்கலாம், வேலை செய்கிறது.
- மீசைக்காரர்களுக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும். எனக்குக் கசிந்தது, பத்து நிமிடம் உப்புத் தண்ணீரைக் குடித்தேன். மீசைமேல் கொஞ்சம் வாசலின் தடவியதும் சரியாகிவிட்டது. மீசையை எடுக்கச் சொன்ன என் மனைவியின் யோசனையை நான் ஏற்கவில்லை.
- உயிருள்ள பவளத்தின்மேல் நிற்கவே கூடாது. ஒரு விரல் அளவு வளரப் பல ஆண்டுகள் எடுக்கும் உயிர் அது.

கொடிவேரியில் நீந்தியவன், காலிங்கராயன் வாய்க்காலில் குதித்தவன் என்ற தைரியம் இங்கே உதவாது. வாய்க்கால் ஒரு திசையில்தான் இழுக்கும். மிதவைச் சட்டையோடு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகுங்கள். முதல் ஐந்து நிமிடம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு கீழே கிளி நிறத்தில் ஒரு மீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் காதில் விழும். ஆம், சத்தம் கேட்கும், முறுக்கு கடிப்பது போல. துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் அருகில் போனால் கலவரப்படாதீர்கள். சீண்டாதவரை அவை விலகித்தான் போகும்.

படி 7: பணம்

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் மூன்றரை ரூபாய். 350 ரூபாய்ச் சாப்பாடு என்றதும் பதறாமல், நம் கணக்கில் நூறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ அங்கே செல்லும் என்றாலும் படகுத்துறை, சிறு கடைகளுக்கு ரொக்கம் வேண்டும். எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருமுருகன்பூண்டியில் வேடுவர்களிடம் பறிகொடுத்தவர் சுந்தரர். அவருக்குப் பதிகம் பாடித் திரும்ப வாங்கத் தெரிந்திருந்தது.

படி 8: திரும்பும் வழியில் ஒரு சோழர் கோயில்

கடைசி நாள் திருகோணமலையிலிருந்து காரில் பொலன்னறுவை. சோழர் காலத்தில் இதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர். இரண்டாம் சிவதேவாலயம் என்று பலகை வைத்திருக்கும் சின்னக் கற்கோயிலை விட்டுவிடாதீர்கள். வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது அதன் பெயர். ராஜராஜனின் அரசியின் பெயரால் எழுப்பியது. பெரிய இடிபாடுகளுக்குப் போகிற பஸ் கூட்டம் இதை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவதால் அமைதியாக இருக்கும். சுவரை வெயில் சாய்வாகப் படும் நேரத்தில் பாருங்கள், தமிழ் எழுத்துகள் தெரியும். என் மகள் ஒரு 'ம'வைக் கண்டுபிடித்து விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். பிறகு கல் விகாரையில் பாறையில் செதுக்கிய புத்தர்கள். நுழைவுச் சீட்டு வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குப் பாதிக் கட்டணம், கேட்காவிட்டால் முழுக் கட்டணம் போட்டுவிடுவார்கள்.

அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். கொழும்பு நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. இரவு விமானமானால் அன்றே போகலாம்; மாலை விமானமானால் முந்தின இரவே பொலன்னறுவையில் வந்து தங்கிவிடுங்கள். கிளம்பும்முன் பைகளைத் தட்டிப் பாருங்கள். உயிரற்ற பவளத் துண்டையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. என் மகன் இரண்டு துண்டைச் சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்ததை நிலாவெளியிலேயே கண்டுபிடித்து, படகுக்காரர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.